பங்கருக்குள் பதினாறாம் வாய்ப்பாடு

ஸ்காபரோ
06.11.1993

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கமலாவதி எழுதுகிறேன். குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் இப்போது மடக்க விடுகிறதா? அப்பா சங்கக்கடையில் இன்னமும் மண்ணெண்ணெய் வரிசையோடு மல்லுக்கட்டுகிறீர்களா?

இங்கே ஐப்பசிக் கடைசியில் ஹலோவீன் என்று ஒரு நாள் வரும். பேய்க்கென்றே ஒரு நாள். அதற்காக நான் வேலை செய்யும் பொழுதுபோக்குப் பூங்காவில் ஐந்து பேய் வீடுகள் போடுவார்கள். சனம் காசு கொடுத்து, குளிரில் இரண்டு மணித்தியாலம் நின்று, உள்ளே போய் அலறிவிட்டு வருகிறது. நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்கிற அதே நெரிசல், தேர் மட்டும் இல்லை. எந்த வீட்டுக்கு வரிசை நீளம் என்று ஐந்து வீட்டுக்கும் போட்டி. வரிசை குறைந்த வீட்டை அடுத்த வருடம் பூட்டிவிடுவார்கள். அதில் நின்ற பேய்களுக்கும் வேலை போய்விடும்.

நான் வாசலில் நின்று சனத்தை வரவேற்கிறேன். என்னோடு மக்டலீன் என்று ஒரு பாசையூர்ப் பிள்ளை இருக்கிறாள். அவளுக்குத்தான் ஐந்தாம் வீட்டில் பேய் வேலை. உயரமும் இல்லை, குரலும் இல்லை. தடித்த வெள்ளைக்காரப் பெடியள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இந்த முறை அவர்களின் வரிசை கடைசிக்கு முதலாவதாக வந்ததால் தப்பிவிட்டாள்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டினால் என்ன குடிப்பது? முகத்தில் பூசின வெள்ளைப் பெயின்ற் தோல் எரியாமல் போக என்ன செய்வது? மக்டலீனுக்குத்தான்.

உங்கள் அன்பு மகள்
கமலாவதி


இணுவில்
12.01.1994

அன்பு மகள் கமலாவதிக்கு,

அப்பா, அம்மா, மாடு, கோழிகள் எல்லோரும் கந்தசுவாமியார் காவலில் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். நீயும் போர்த்து மூடிக்கொண்டு சுகமாக இரு. உன் கடிதம் கப்பலில் ஏறி இறங்கி மார்கழிக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

தொண்டைக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கட்டுமாம். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, பழந்துணியால் துடைக்கட்டுமாம். இதைச் சொல்லிவிட்டு அம்மா, "பாசையூர்ப் பிள்ளைக்கும் எங்கடை பிள்ளை மாதிரி உடனை தொண்டை கட்டுமாக்கும்" என்றா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆனாலும் எப்போது வாயை மூட வேண்டும் என்பதை அம்மா எனக்குப் படிப்பித்து வைத்திருக்கிறா.

இனி ஊர்ப் புதினம். எங்கள் கிழக்கு வாசிகசாலையின் கூரை ஷெல் விழுந்து போனது உனக்குத் தெரியும். மேற்கு வாசிகசாலையின் கூரை மழைக்கு உக்கிப் போய்விட்டது. ஏ. எல். சோதனை எடுக்கிற பிள்ளைகள் இரண்டிலும் கூரைக்குப் பதில் கட்டிய படங்குக்குக் கீழே இருந்துதான் படிக்கிறார்கள். இப்போது சோமசேகரம் முதலாளி தன் பழைய புகையிலைக் கிட்டங்கியைப் பிரித்து, ஓடுகளையும் மரத்தையும் ஊருக்குத் தருகிறார். ஆனால் ஒரு கூரைக்குத்தான் காணும். யாருக்கு என்று கூட்டத்தில் பெரிய சண்டை. முடிவில், வருடப்பிறப்போடு இரண்டு நாள் களியாட்டு வைப்பது, எந்தப் பக்கக் கொட்டிலுக்குக் கூடுதலான சனம் வருகிறதோ கூரை அந்தப் பக்கத்துக்கு என்று தீர்ப்பானது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழும்பி, "என்ரை மகள் கனடாவிலை பேய் வீட்டுப் பூங்காவிலை வரவேற்பு அதிகாரி. நாங்கள் பேய் வீடு போடுறம்" என்றேன். உடனே மேற்குப் பக்கத் தலைவர் எழும்பினார். அவர் யார் என்றால் என் சகலன், உன் சித்தப்பா தில்லைநாதன். "அப்ப நாங்களும் பேய் வீடுதான். எந்தப் பேய் பெரிய பேயெண்டு பாப்பம், அண்ணை" என்றார்.

பிள்ளை, பேய் வீடு எப்படிப் போடுவது? மக்டலீனைக் கேட்டு எழுது. இங்கே மின்சாரம் இல்லாததால் இருட்டு மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சத்துக்கு வழி சொல்லு.

அன்புடன்
அப்பா இராசநாயகம்


ஸ்காபரோ
16.02.1994

அன்புள்ள அப்பா,

சுகம் கேட்டு எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே மக்டலீனிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பாதை நேராக இருக்கக் கூடாது. ஒரு முடக்காவது வேண்டும். முதல் அறையில் ஒன்றும் நடக்கக் கூடாது. ஒன்றும் நடக்காததுதான் பயம். வருகிறவர் ஒருதரம் சிரித்து முடியும்வரை பேய் பொறுக்க வேண்டும். சிரித்து முடிந்த உடனே மனிசருக்கு நெஞ்சு திறந்து கிடக்கும், அப்போது வெருட்ட வேண்டும். முகமூடி போட்டால் மூச்சு முட்டும், கண்ணும் தெரியாது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் கால் வீங்கும். இடைக்கிடை யாராவது பயத்தில் முகத்தில் குத்தியும் விடுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதானாம். எல்லோருக்கும் பொதுவாகக் கத்துகிற பேய்க்கு ஒருவரும் பயப்படமாட்டார்கள். தனக்கென்று தேடி வந்த பேய் என்று நினைத்தால்தான் ஓடுவார்கள். பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. கனடாவில் பெயர் தெரியாது. அதுதான் அவளுக்குக் கஷ்டம்.

அம்மாவின் கொத்தமல்லி நன்றாகக் கேட்டதாம்.

அன்பு மகள்
கமலாவதி


இணுவில்
25.03.1994

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். உன் குத்துப்பட்ட முகம், மன்னிக்கவும், மக்டலீனின் முகம் ஆறிவிட்டதா என்று அம்மா கேட்கிறா.

மக்டலீன் கேட்ட முடக்கு எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. வாசிகசாலைக் காணியில் ஊருக்கென்று வெட்டிய பெரிய பங்கர் ஞாபகம் இருக்கிறதா? பனங்குற்றி போட்டு மண்மூட்டை அடுக்கி, ஒரு வாசலால் இறங்கி மற்ற வாசலால் ஏறுகிறது. அதைவிட நல்ல பேய் வீடு எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். போன ஞாயிறு ஒத்திகை வைத்தோம். பக்கத்து வீட்டுக் கதிரவேலுதான் பேய். வெள்ளை வேட்டியால் போர்த்து, முகத்தில் கரி பூசி, முடக்கில் நிற்பாட்டினேன். பேய் வெளிக்கிடும் நேரம் வெளியே நான் ஒரு சீனவெடி கொளுத்திப் போட வேண்டும். அது முழுக்க முழுக்க என் மூளையில் உதித்த யோசனை.

கொளுத்திப் போட்டேன். வரிசையில் நின்ற சனம் முழுக்க, சின்னப் பிள்ளை முதல் பல்லில்லாத கிழவர் வரை, சொல்லி வைத்தது போல் நிலத்தில் படுத்தது. அடுத்த கணம் எழும்பி ஒன்றாகப் பங்கருக்குள் பாய்ந்தது. பேய்க்கும் தனக்கு எது முக்கியம் என்று தெரியும்தானே. கதிரவேலு வேட்டியை அவிழ்த்து எறிந்துவிட்டு அவர்களோடு குந்திவிட்டார். நான் வாசலில் நின்று, "அது நான் கொளுத்தினது, வெளியாலை வாருங்கோ" என்று கத்துகிறேன். உள்ளே இருந்து ஒரு மனிசி, "இராசநாயகமண்ணை, நீங்களும் உள்ளை வாங்கோ, விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்றா.

ஒருவரும் வெளியே வரவில்லை. வெற்றிலைப் பெட்டி திறந்தார்கள், ஒரு கலியாணப் பேச்சுத் தொடங்கினார்கள். கனடாவில் சனம் பேய் வீட்டை விட்டு ஓடும். நான் கட்டியது சனம் விட்டுப் போக மனமில்லாத பேய் வீடு.

கதிரவேலு கடைசியாகக் கேட்டார்: "அண்ணை, பொம்மர் வந்து குண்டு போட்டுப் போற ஊரிலை வேட்டியைக் காட்டி ஆரை வெருட்டப் போறியள்?"

மேற்கில் சித்தப்பா எலும்புக்கூடு ஒன்று இரவல் வாங்கிவிட்டாராம், ஜெனறேற்றரும் வருகிறதாம். எங்கள் பிள்ளைகள் படங்குக்குக் கீழே இருந்து என்னைப் பார்க்கிற பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. கூட்டத்தில் வாயைத் திறந்தது நான்தானே.

அப்பா


ஸ்காபரோ
26.04.1994

அன்புள்ள அப்பா,

பங்குனிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. களியாட்டு முடிந்திருக்கும். இனி நான் எதைச் சொன்னாலும் பிந்தித்தான் வரும். என்ன நடந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். மக்டலீனும் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள்.

கமலாவதி


இணுவில்
28.04.1994

என் அருமை மகள் கமலாவதிக்கு,

உன் அப்பா, உடம்பில் ஒரு நோவும் இல்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறேன். நீயும் அப்படியே இருந்து வாசிக்க வேண்டும்.

களியாட்டு வாசலில் இரண்டு நாளும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார்கள். பிடித்த கொட்டிலின் பானையில் அதைப் போட வேண்டும். ஊரில் புளியங்கொட்டை இல்லாத வீடு ஏது? அதனால் களவு நடக்காமல் கொட்டைகளுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். முதல் நாள் மேற்கில் சித்தப்பா ஜெனறேற்றரை முடுக்கி, பேய் வீட்டுக்குள் சிவப்பு பல்ப் எரித்தார். நாலு வருடமாக மின்சாரம் காணாத சனம். எலும்புக்கூட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. நெரிசலில் வேலியும் சரிந்தது. எங்கள் பானையில் கையை விட்டேன், அடியில் பானைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் மாசிக் கடிதத்தை இன்னொருதரம் எடுத்தேன். 'தனக்கென்று தேடி வந்த பேய். பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது.' இந்த ஊரில் எல்லோருடைய பெயரும் யாருக்குத் தெரியும்? விடிந்த உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஞானாம்பிகை ரீச்சர் வீட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்து, என்னையும் அடித்து, உன்னையும் அடித்த அதே ரீச்சர்.

"என்னைப் பேயாய் இருக்கச் சொல்லுறியோ, இராசநாயகம்?" என்று கேட்டா. என் கை தானாகவே கட்டிக்கொண்டது.

"இல்லை ரீச்சர். நீங்கள் நீங்களாய் இருந்தால் காணும்."

அன்று பின்னேரம் பங்கரின் முடக்கில் ஒரு கதிரை, பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு, கதிரையில் ரீச்சர், மடியில் பூவரசங்கம்பு. வேறு ஒன்றும் இல்லை. முதலில் இறங்கினது எங்கள் தவில்காரர் நமசிவாயம். இருட்டில் சிரித்துக்கொண்டே போனார். முடக்கில் திரும்ப, விளக்கின் திரி தூண்டப்பட்டது. மெல்லிய குரல், கத்தவே இல்லை:

"நமசிவாயம், எழும்பு. பதினாறாம் வாய்ப்பாடு."

அந்த மனிசன் நின்றுகொண்டுதான் இருந்தது, பிள்ளை. ஆனாலும் இன்னும் எழும்பப் பார்த்தது. பிறகு ஒரு அலறல். அடுத்த வாசலால் வெளியே வந்தவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டே வந்தார். வந்து, முகத்தைத் துடைத்து, விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஓடிப்போய்த் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் விட்டார்.

அதோடு பற்றிக்கொண்டது. பெண்சாதிமார் புருசன்மாரைப் பிடித்துத் தள்ளினார்கள். வங்கிக்காரர், தபால்காரர், புகையிலைத் தரகர், ஒருவருக்கும் தப்பில்லை. ரீச்சருக்கு எல்லோரையும் தெரியும், எந்தெந்த இடத்தில் தடக்குவார்கள் என்றும் தெரியும். என் முறை வந்தது. பதினாறு ஏழு என்றா. சங்கக்கடையில் இருபது வருடம் நிறுத்துக் கொடுத்த நான், நூற்றிரண்டு என்றேன். "அப்ப சனத்துக்கு இவ்வளவு காலமும் பத்துக் குறைச்சோ நிறுத்தனி?" என்று கேட்டா. அது பங்கரின் இரண்டு வாசலாலும் வெளியே கேட்டது.

வரிசை எங்கள் காணி தாண்டி, ஒழுங்கை தாண்டி, வைரவர் கோயிலடிக்குப் போய்விட்டது. தள்ளுமுள்ளு வரும் என்று நான் கயிறு எடுத்துக்கொண்டு ஓடினேன். தேவைப்படவில்லை. வரிசையில் நின்றவர்கள் பயத்தில் வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டு நின்றார்கள். முதலில் முணுமுணுப்பு, பிறகு முழு வரிசையும் ஒரே குரலில், கோயிலில் பஞ்சபுராணம் ஓதுவது போல. பதினாறு ஒன்று பதினாறு, பதினாறு இரண்டு முப்பத்திரண்டு. அந்தச் சத்தம் ஜெனறேற்றர் சத்தத்துக்கு மேலால் மேற்குக்குக் கேட்டது. அங்கே பல்பு பார்த்துக்கொண்டு நின்ற சனம் என்ன ஏது என்று இங்கே வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை.

கடைசியில் தனியாக நின்ற உன் சித்தப்பாவும் வந்தார். "உதென்ன புதினமெண்டு பாத்திட்டுப் போவம்" என்று இறங்கினார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு மண்மூட்டையில் காதை வைத்தோம்.

"தில்லைநாதன், உன்ரை கணக்குக் கொப்பி எங்கை?"

"வீட்டிலை ரீச்சர்."

"எந்த வீட்டிலை? உனக்கு இப்ப பேரப்பிள்ளையும் இருக்கு."

மனிசன் வந்த வழியாலேயே பாய்ந்து ஏறி, செருப்பை விட்டுவிட்டு ஓடினார். உன் சித்தி மகாதேவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நேரே வந்து தன் புளியங்கொட்டையை எங்கள் பானையில் போட்டா. "முப்பது வருசமாய் எழும்புங்கோ எண்டு சொல்லுறன், எழும்பின பாடில்லை. ரீச்சருக்குத்தான் என்ரை கொட்டை" என்றா.

பானைகளை நிறுக்க என் சங்கக்கடைத் தராசு வந்தது. சித்தப்பா, "நூற்றிரண்டுகாரற்றை தராசை நான் நம்பமாட்டன்" என்றார். நிறுக்கத் தேவை இருக்கவில்லை. எங்கள் பானை நிறைந்து, ரீச்சரின் குடையும் நிறைந்து, அதற்கு மேல் சனம் கொட்டைகளை என் சாறத்தின் மடிக்குள் போட்டிருந்தது.

கூரை எங்களுக்கு. பிள்ளைகள் ரீச்சரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனார்கள். ரீச்சர் மேலே இருந்து, "மெதுவாய், மெதுவாய், கதிரையை விழுத்தினால் ஆளுக்கு நூறுதரம் எழுத வேண்டி வரும்" என்றா.

மக்டலீனுக்கு இணுவில் கிழக்கு வாசிகசாலை முழுக்க நன்றி சொல்கிறது.

வெற்றியோடு
உன் அப்பா


ஸ்காபரோ
02.07.1994

அன்புள்ள அப்பா, அம்மா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைக் கண்ட உடனே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் இருந்து வாசித்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

அப்பா, ஒன்று கேட்க வேண்டும். ரீச்சர் அந்த "எழும்பு" என்பதை எப்படிச் சொல்லுவா? எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சரியாக வேண்டும். சொல்லிவிட்டு எங்கே பார்ப்பா? கம்பை ஆட்டுவாவா, அசையாமல் வைத்திருப்பாவா? இந்த ஐப்பசியில் ஐந்தாம் வீட்டின் வரிசை குறைந்தால் பூட்டுவது நிச்சயமாம். மக்டலீனுக்காகத்தான் கேட்கிறேன்.

அன்பு மகள்
கமலாவதி


இணுவில்
20.08.1994

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மா உன் தைலத்தைப் பூசிக்கொண்டு வாசிகசாலை வரை தனியாக நடக்கிறா. கிட்டங்கி மரங்கள் வந்து இறங்கிவிட்டன. தீராந்தியில் இன்னமும் புகையிலை மணம். படிக்கிற பிள்ளைகள் தும்மித் தும்மிப் படிப்பார்கள்.

உன் கேள்வியை ரீச்சரிடமே கொண்டு போனேன். கனடாவில் ஒரு பாசையூர்ப் பிள்ளைக்கு என்றேன். ரீச்சர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. பிறகு சொன்னா: "குரலை உயர்த்தக் கூடாது. தாழ்த்த வேணும். கம்பு அசையக் கூடாது. அசைஞ்சால் அடி விழப்போகுது எண்டு தெரிஞ்சிடும், தெரிஞ்சால் பயமில்லை. எழும்பு எண்டு சொல்லிப்போட்டு அந்தப் பிள்ளையைப் பாக்கக் கூடாது. கொப்பியைப் பாக்க வேணும். எல்லாம் முதலே தெரியும் எண்ட மாதிரி."

பாஷை விளங்காதே என்று கேட்டேன். "உனக்கு மட்டும் நான் சொன்ன கணக்கு விளங்கினதோ? ஓடேல்லையோ?" என்றா.

கொழும்புக்குப் போகிறவர் ஒருவரிடம் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அம்மா பொதியில், 'தொண்டைக்கு' என்று மட்டும் எழுதச் சொன்னா. யாருடைய தொண்டை என்று எழுதவேண்டாமாம்.

அப்பா


ஸ்காபரோ
05.11.1994

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் மிக மிக நல்ல சுகம். கொத்தமல்லி ஐப்பசி தொடங்கும்போதே வந்துவிட்டது.

ஐந்தாம் வீடு வென்றுவிட்டது. மக்டலீன் முதல் நாள் வழக்கமாகக் கத்துவது போலக் கத்தவில்லை. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கொப்பி கேட்டு வாங்கி, முடக்கில் இருந்தாள். கும்பலாக வந்த பெடியள் சிரித்து முடியும்வரை கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல், "எழும்பு. பதினாறாம் வாய்ப்பாடு" என்றாள். தமிழில்தான். முன்னுக்கு நின்ற ஆறடிப் பெடியன் பின்னுக்கு நின்றவர்களை உழக்கிக்கொண்டு ஓடினான். பக்கத்து வீட்டில் இரத்தம் ஒழுகுகிற பேய்களுக்கு நாங்கள் இரவல் கொடுக்கிற அளவுக்கு எங்களிடம் சனம். கடைசி வாரம் வரிசை மூன்று மணித்தியாலத்துக்குப் போய்விட்டது. மற்ற வீட்டுப் பேய்களும் வேலை முடிய எங்கள் வரிசையில் வந்து நின்றார்கள். வருடத்தின் சிறந்த பேய் என்று அவளுக்கு ஒரு கிண்ணமும் கொடுத்தார்கள். இனி வருடம் முழுக்க நிரந்தர வேலை.

மக்டலீனின் படம் ஒன்று வைத்திருக்கிறேன், கிண்ணத்தோடு எடுத்தது. பூச்சு நிறைய, முகம் தெரியாது. ரீச்சருக்குக் காட்டுங்கள்.

அன்பு மகள்
கமலாவதி


இணுவில்
18.01.1995

எங்கள் செல்ல மகள் கமலாவதிக்கு,

பொங்கலும் முடிந்து, சண்டையும் ஓய்ந்து, ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரத்தில் அப்பா எழுதுகிறேன். அம்மா பொங்கலன்று முழங்காலை மடக்கி இருந்து பானைக்கு நெருப்பு எரித்தா. உன் வீட்டிலும் பால் பொங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வாசிகசாலை திறந்தோம். கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு பொட்டு வானம் தெரியவில்லை. அதைவிட அழகான காட்சியை நான் கண்டதில்லை. மேற்குப் பிள்ளைகளும் இங்கேதான் வந்து படிக்கிறார்கள். சித்தப்பா தன் ஜெனறேற்றரைக் கொண்டுவந்து, "கூரையை நீங்கள் வெண்டியள், வெளிச்சத்தை நான் வெல்லுறன்" என்று சிவப்பு பல்பை நடுவில் மாட்டினார். பிள்ளைகள் சிவப்பு வெளிச்சத்தில் பௌதிகம் படிக்கிறார்கள்.

அன்று உன் படத்தை, மக்டலீனின் படத்தை, எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். முகம் முழுக்க வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, தலைமயிர் ஒரு பக்கம் விரிந்து, கையில் கிண்ணம். சித்தப்பா, "வெள்ளைக்காரப் பேய் எண்டாலும் நல்ல லட்சணமான பேய்தான், அண்ணை" என்றார். பாசையூர்ப் பிள்ளை என்றேன். கதிரவேலு, பாசையூரில் தனக்கு ஆட்களைத் தெரியும், யாருடைய மகள் என்று கேட்டார்.

அப்போது ரீச்சர் கையை நீட்டினா. படத்தைப் பல்புக்கு நேரே பிடித்து, கண்ணாடியைத் துடைத்து, இன்னும் ஒருதரம் பார்த்தா. பிறகு என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சபைக்குக் கேட்கச் சொன்னா:

"என்னட்டைப் படிக்கேக்கை பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலை தடக்கினால் உப்பிடித்தான் இடது தோளை உயர்த்திக்கொண்டு நிப்பாள். இப்ப தடக்காமல் நிக்கிறாள். கை தட்டுங்கோ."

முழு வாசிகசாலையும் எழும்பிக் கை தட்டியது, பிள்ளை. எழும்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. சித்தப்பாதான் முதலில் எழும்பினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, படத்தை என் கையிலிருந்து பறித்து, வாசல் கதவுக்கு நேரே, வருகிற எல்லோரும் முதலில் காணுகிற இடத்தில் மாட்டுவித்தா. இப்போது அவள்தான் எங்கள் வாசிகசாலையில் சனத்தை வரவேற்கிறாள்.

மக்டலீனுக்கு எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதத்தையும் சொல்லு. குளிருக்குக் கழுத்தை மூடச் சொல்லு. அவளுடைய அப்பாவைச் சந்தித்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிசன் இப்போது எவ்வளவு தலை நிமிர்ந்து ஒழுங்கையால் சைக்கிள் ஓடுகிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்
அப்பா இராசநாயகம்